பெரிய தொடுதிரையும் எமது கைகளும்



கடந்த மாதம் ஓர் அக்காவின் கடிதம் தொடர்பாக அவரை அழைத்துக்கொண்டு அலுவலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமில்லை. வரக்காப்பொலயில் காலை பஸ் ஏறி, அலுவலகம் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் திரை வண்ணப் படங்களுடன் ஒளிர்ந்துகொண்டு நின்றது. எந்தக் கருமபீடத்துக்குப் போக வேண்டும், எந்தப் பத்திரம் தேவை என்பதையெல்லாம் அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். "இங்கே தொடவும்" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள் வரிசையாக நின்றன.

அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். காவலாளி ஓடி வந்து, "அத்த தியன்ன எபா!" என்றார். கை வைக்க வேண்டாம் என்று பொருள். நாங்கள் ஒதுங்கி, வழமை போல வரிசையில் நின்று, இரண்டு கருமபீடங்கள் மாறி, மத்தியானம் தாண்டித்தான் வெளியே வந்தோம்.

திரும்பி வரும்போது அக்கா கேட்டார்: "தொடுறதுக்குத்தானே வச்சிருக்கினம் மிஸ்? பிறகு ஏன் தொட வேண்டாமாம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே இம்மாதப் பக்கத்துக்குக் காரணம். இப்படியான பெரிய தொடுதிரைகள் இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் வந்துவிட்டன. இவை யாருக்காக வருகின்றன? எம்மைப் போன்ற பெண்களுக்கு இவற்றால் என்ன பயன்? இதனைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

இது என்ன பொருள்?

தொடுதிரை என்பது நேற்றுப் பிறந்த ஒன்றல்ல. 1965ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மால்வெர்ன் என்ற இடத்திலிருந்த ராடர் ஆய்வு நிறுவனத்தில் ஈ. ஏ. ஜோன்சன் என்பவர், விரலால் தொட்டு இயக்கும் திரை பற்றி எழுதினார். விமானங்களின் போக்குவரத்தை விரைவாகக் கட்டுப்படுத்துவதற்கே அது யோசிக்கப்பட்டது. 1970களில் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் என்ற அணு ஆய்வு நிலையத்தில், நூற்றுக்கணக்கான சுவிட்சுகளுக்குப் பதிலாகத் தொடுதிரைகளைப் பயன்படுத்தினார்கள். 1991இல் கனடாவில் ஸ்மார்ட் போர்ட் என்ற பெரிய வகுப்பறைப் பலகை வந்தது. 2007இல் ஐபோன் வந்த பிறகுதான் தொடுதிரை உலகம் முழுவதும் சாதாரண மக்களின் சட்டைப் பைக்குள் போனது.

சின்னத் திரைக்கும் பெரிய திரைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் உண்டு. அதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

கைத்தொலைபேசியின் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கிறது. எமது தோலில் ஈரமும் உப்பும் இருப்பதால் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் பட்டதும் அந்த மின்புலம் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டுதான் எந்த இடத்தைத் தொட்டோம் என்பதைத் தொலைபேசி கண்டுபிடிக்கிறது. தோல் காய்ந்து தடித்துப் போயிருந்தால், அல்லது கையில் உறை இருந்தால், அது சரியாகப் பிடிபடாது.

பாடசாலைகளில் வைக்கும் 65, 75, 86 அங்குலப் பெரிய திரைகளில் பெரும்பாலானவை வேறு விதமாக இயங்குகின்றன. திரையின் சட்டத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் சிறிய விளக்குகள் வரிசையாக உள்ளன. எதிர்ப் பக்கத்தில் அந்த ஒளியை வாங்கும் கருவிகள் உள்ளன. நெடுக்கும் குறுக்குமாக ஒளியால் நெய்த ஒரு வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் ஒளி மறைக்கப்படுகிறதோ அந்த இடத்தைத் தொட்டதாகத் திரை எடுத்துக்கொள்ளும். விரல்தான் வேண்டும் என்றில்லை. தடியாலும் தொடலாம், கைமுட்டியாலும் தொடலாம், செயற்கைக் கையாலும் தொடலாம். பல பேர் ஒரே நேரத்தில் தொட்டாலும் அது தனித்தனியாக அறிந்துகொள்ளும். ஆனால் நேர் வெயில் பட்டாலோ சட்டத்தில் தூசி அடைந்தாலோ தடுமாறும்.

தொலைபேசிக்குத் தெரியாத விரல்

என்னோடு வந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லப் போவதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு சப்ரகமுவ, மலையகத் தோட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. இவருடைய பெற்றோரும் அப்படிப் போனவர்கள். இவர் வன்னியில் பிறந்தார், அங்கேயே திருமணம் செய்தார். 2009இல் கணவரை இழந்தார். ஷெல் பட்டு வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, இங்கே தோட்டத்திலிருந்த மாமாவின் லயன் வீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். இப்போது இறப்பர் பால் வெட்டுகிறார்.

பால் வெட்டும் கை எப்படியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கத்தி பிடித்து விரல் தடித்துப் போகும். காய்ந்த பால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மகன் வாங்கிக் கொடுத்த தொலைபேசியைக் காட்டி ஒருநாள் அவர் சொன்னார்: "போனுக்கு என்ட விரல் தெரியுதில்ல மிஸ். பத்துத் தரம் அமத்தினாத்தான் ஒருக்கா எடுக்குது."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் இன்று உதவித்தொகை விண்ணப்பம் முதல் வங்கிச் செய்தி வரை எல்லாமே தொலைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. தொலைபேசி அறியாத விரலுள்ள பெண் ஒவ்வொரு தேவைக்கும் இன்னொருவரின் விரலை நம்பியிருக்க வேண்டியுள்ளது. பெரும்பாலும் அது மகனின் விரல், அல்லது பக்கத்து வீட்டுத் தம்பியின் விரல். அந்த விரல் எதை அமத்துகிறது என்பது இவருக்குத் தெரியாது.

உலகத்தில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

2006இல் ஜெஃப் ஹான் என்ற ஆய்வாளர், பத்து விரல்களாலும் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய பெரிய திரை ஒன்றை அமெரிக்காவில் மேடையில் காட்டினார். 2008இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் சிஎன்என் தொலைக்காட்சி அவருடைய நிறுவனத்தின் திரையை வாங்கிப் பயன்படுத்தியது. செய்தியாளர் வரைபடத்தைத் தொட்டு மாநிலம் மாநிலமாக விரித்துக் காட்டினார். அதன் பிறகு உலகெங்கும் தேர்தல் இரவுகளில் இப்படியான திரைகளைக் காண்கிறோம்.

கல்வியில் இதன் பயன்பாடு இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் அரசாங்கம் தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. எமது நாட்டில் காலி மாவட்டத்தின் 200 பாடசாலைகளுக்கு இந்திய உதவியுடன் கணினிக் கூடங்களும் ஸ்மார்ட் பலகைகளும் வழங்கும் திட்டம் வந்தது. சப்ரகமுவ பாடசாலைகளிலும் அங்குமிங்குமாக நன்கொடையில் வந்த திரைகள் உள்ளன.

ஆனால் பொருள் வந்துவிட்டால் பயனும் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. இதற்கு இரண்டு உதாரணங்களைக் கூறலாம்.

முதலாவது, இந்தியாவில் நடந்தது. 1999 ஜனவரியில் டில்லியின் கல்காஜி பகுதியில், சேரிக் குடியிருப்பை அடுத்த ஒரு சுவரில் துளை போட்டு, சுகதா மித்ரா என்ற கல்வியாளர் ஒரு கணினியை வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் தாமாகப் பழகினார்கள். உலகமே அதைப் புகழ்ந்தது. பின்னர் இப்படியான இடங்களுக்குச் சென்று பார்த்த ஆய்வாளர் சிலர் வேறொன்றையும் கவனித்தார்கள். பெரிய பையன்கள் முன்னால் நின்று பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்றார்கள், அல்லது வரவேயில்லை. பொது இடத்தில் வைத்தால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்பதில்லை. முன்னால் நிற்பவருக்கே அது சொந்தமாகிறது.

இரண்டாவது, எமது நாட்டு நெனசல நிலையங்கள். தமிழில் அறிவகம் என்று பெயர்ப் பலகை போட்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2005ஆம் ஆண்டளவில் தொடங்கி, விகாரைகளிலும் கோயில்களிலும் நூலகங்களிலும் நூற்றுக்கணக்கில் திறந்தார்கள். 2014இல் இத்திட்டத்துக்கு பில் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதும் கிடைத்தது. நல்ல முயற்சிதான். பல இளைஞர்கள் கணினியை முதன்முதலில் தொட்டது அங்கேதான். இருந்தும் கைத்தொலைபேசி பரவியதும், பராமரிக்க ஆளில்லாத இடங்களில் கணினிகள் பழுதாகி, கதவுகள் மூடப்பட்டன.

ஆகவே ஒரு சாதனம் எவ்வளவு பெரியது என்பதை விட முக்கியமான கேள்விகள் உள்ளன. அதன் முன்னால் நிற்பது யார்? அது எந்த மொழியில் பேசுகிறது? அறையின் திறப்பு யார் கையில் இருக்கிறது?

ஒரு போயா தினத்தில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த நாட்டைப் புரட்டிப் போட்டதை நாம் மறக்க முடியாது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கேகாலை மாவட்டமும் தப்பவில்லை. அந்த மழைக்குப் பிறகு, நான் வேலை செய்யும் தோட்டத்துப் பெண்கள் இரவில் சரியாக நித்திரை கொள்வதில்லை. மழை இருண்டால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அருகிலுள்ள பாடசாலை ஒன்றுக்கு 75 அங்குலத் திரை ஒன்று நன்கொடையாக வந்திருந்தது. பழுதாகிவிடும் என்ற பயத்தில் அதைப் பழைய மேசைத் துணியால் மூடி, அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். நான் அதிபரைச் சந்தித்துக் கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு, ஒரு போயா தினத்தில் இரண்டு மணித்தியாலம், ஓர் ஆசிரியை கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் சம்மதித்தார்.

பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். என் தொலைபேசியின் இணைய இணைப்பைத் திரைக்குக் கொடுத்து, வானத்திலிருந்து எடுத்த தோட்டத்தின் படத்தை விரித்தோம். முதலில் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். யாரும் கிட்ட வரவில்லை. பிறகு ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, "மிஸ், இந்தா இருக்கு நம்ம கோயிலு!" என்று தகரக் கூரையைத் தொட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதிரையில் யாரும் இருக்கவில்லை.

கோயிலிலிருந்து ஆரம்பித்து லயன்களை எண்ணினார்கள். பிள்ளை மடுவம் எங்கே, பீலி எங்கே, பால் ஸ்டோர் எங்கே என்று விரல் வைத்துக் காட்டினார்கள். "பீலி இங்க இல்ல, அந்தப் பக்கம்" என்று சண்டையும் நடந்தது. நான்கைந்து கைகள் ஒரே நேரத்தில் திரையில் இருந்தன. ஆசிரியை நிறம் மாற்றிக் கொடுத்தார். நீலத்தால் தண்ணீர் போகும் கான்களை வரைந்தார்கள். மண்ணடைத்துத் தண்ணீர் போகாத கான்களைச் சிவப்பால் வரைந்தார்கள். எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்பதைப் பார்த்து அவர்களே வாயடைத்துப் போனார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள கானைத்தான் அதுவரை அறிந்திருந்தார்கள். எல்லாக் கான்களையும் ஒரே படத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

எமது அக்கா பின்னால் நின்றார். அலுவலகத்தில் நடந்ததை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். "உங்களுக்கும் தெரியும்தானே, வந்து காட்டுங்க" என்றேன். கையை ஒளித்துக்கொண்டு, "என்ட விரல அது எடுக்காது" என்றார். எடுக்கும் என்றேன். வந்து, நுனியில்லாத விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோடு விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு அவர் காட்டியதைத்தான் நாங்கள் எல்லோரும் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல் லயனுக்குப் பின்னால், இறப்பர் மரங்களுக்கிடையில் நிலம் வெடித்திருக்கும் இடத்தைக் காட்டினார். விடியப்புறம் பால் வெட்டப் போகிறவர் என்பதால் அந்த வெடிப்பு மாதத்துக்கு மாதம் அகன்றதை அவர் கண்டிருக்கிறார். அடுத்து, லயனிலிருந்து பாடசாலைக்கு இறங்கும் பாதையைக் காட்டினார். அதில் மழை நாளில் தண்ணீர் குறுக்கே பாயும் என்பதால் அதை வெட்டிவிட்டு, கோயில் பக்கமாகச் சுற்றிப் போகும் இன்னொரு வழியை வரைந்தார்.

"இதெல்லாம் எப்பிடி அக்கா கவனிச்சீங்க?" என்று ஆசிரியை கேட்டார்.

"எங்க போய் இருந்தாலும், ராவில எழும்பி ஓடுறதெண்டா எந்த வழியெண்டு முதல்ல பாக்கிறது எங்கட பழக்கம் டீச்சர்" என்றார்.

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இதை ஒரு காயமாகவே நாம் இதுவரை பார்த்து வந்திருக்கிறோம். காயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அது பதினெட்டுக் குடும்பங்களுக்கு வழிகாட்டும் அறிவாக இருந்தது.

எச்சரிக்கை காகிதத்தில் மட்டும் இருந்தால்

மண்சரிவு பற்றிய அறிவு இந்த நாட்டில் இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான சரிவுகளை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது மக்களின் கண்ணுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் அதிகாரிகள் கூறினர். 2016 மே 17ஆம் திகதி எமது மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயன் வீடுகள் புதைந்தன.

நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறேன். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் சொல்லும் எச்சரிக்கைகள் இந்த அளவுகளை ஒட்டியவையே. நேர்ச் சுவருள்ள ஒரு தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்தால் மழையை நாமே அளக்கலாம். பேணிக்குள் ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 75 மில்லிமீற்றர். ஆனால் பேணி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனச் சேறாக வரும் ஊற்று, வழமையாக ஓடிய பீலி திடீரென நின்றுபோதல், திறக்க முடியாமல் இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் மழை அளவைப் பாராமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அன்று வரைந்த படத்தை அச்சிட்டோம். பதினெட்டுப் பேரும் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரி வந்து வெடிப்பைப் பார்த்தார். மேல் லயனில் உள்ளவர்கள் கடும் மழை இரவுகளில் பாடசாலையில் தங்குவதற்கு அதிபர் இடம் தந்தார். மூன்று கான்களை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மற்றவை அப்படியே கிடக்கின்றன. நிரந்தரமாக வேறு இடத்தில் காணி கேட்டிருக்கிறோம், இன்னும் பதிலில்லை. சொந்தக் காணி இல்லாத மக்களுக்குத் திரை காணி கொடுக்காது. ஆனால் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, யாரும் சொல்லவில்லை" என்று இனி எந்தத் தரப்பும் சொல்ல முடியாது. அந்தப் படத்தில் பதினெட்டுப் பேரின் கைகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் பெரிய திரையில் காட்டக் கூடாது

பெரிய திரையின் பலம், பலரும் ஒன்றாகப் பார்க்கலாம் என்பதே. அதன் ஆபத்தும் அதுவேதான். அலுவலக வாசலில் நிற்கும் திரையில் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை அமத்தும்போது பின்னால் நிற்பவர் அதைப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு, நோய், வீட்டு வன்முறை, காணாமற் போன கணவர் அல்லது பிள்ளை பற்றிய முறைப்பாடு போன்றவை ஆளுயரத் திரையில் நிரப்ப வேண்டியவை அல்ல. தனியான அறையும் ஓர் உத்தியோகத்தரும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வன்முறை பற்றிப் பேச வேண்டுமானால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்க்காலப் படங்களை எதிர்பாராத நேரத்தில் பெரிய திரையில் காட்டினால், அதைப் பார்க்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை நான் ஒரு கூட்டத்தில் கண்டிருக்கிறேன். தாங்க முடியாமல் வெளியே போய் வாந்தியெடுத்தார். எதைக் காட்டப் போகிறோம் என்பதை முன்னதாகச் சொல்லி, விரும்பாதவர் வெளியே போக வழி விட வேண்டும்.

உங்கள் ஊருக்கு ஒரு திரை வந்தால்

பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ இப்படியான திரை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், நாடா வெட்டும் நாளுக்கு முன்பாகவே இவற்றைக் கேளுங்கள்.

தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா? வாங்குவதற்கு முன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. பெட்டி பெட்டியாக எழுத்து தெரிவது சின்னப் பிழையல்ல, மொழி உரிமை மறுப்பு. அரச அலுவலகத்தில் அப்படிக் கண்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

வாசிக்கத் தெரியாதவர் பயன்படுத்த முடியுமா? படமும் குரலும் இருந்தால் முடியும்.

எந்த உயரத்தில் மாட்டப் போகிறார்கள்? கதிரை வண்டியில் வரும் பெண்ணுக்கும் சிறு பிள்ளைக்கும் எட்ட வேண்டும். எழுந்து நிற்பவருக்கு மட்டும் எட்டுமானால் அது பொதுச் சொத்தல்ல.

பழுதானால் யார் திருத்துவார்? மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவார்? பல இலட்சம் ரூபாய் பெறுமதியான பொருளை நன்கொடையாகத் தருபவர், இரண்டு வருடத்துக்குப் பராமரிப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை.

திறப்பு யாரிடம் இருக்கும்? மாதத்தில் ஒரு நாளாவது பெண்களுக்கென்று ஒதுக்கி, அதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அதிபர் மாறினால் மாறிவிடும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காவிட்டால், திரைக்குப் பதிலாக ஒரு பெரிய கடதாசியும் நான்கு நிறப் பேனைகளும் போதும். எமது படத்தை அதிலும் வரைந்திருக்கலாம். திரை இலகுவாக்கியது உண்மை. பிழைத்தால் அழிக்கலாம், இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். ஆனால் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று திரைக்குத் தெரியாது. அது அக்காவுக்குத்தான் தெரியும்.

சென்ற கிழமை அதே அலுவலகத்துக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தது. திரை அதே இடத்தில் நின்றது, தமிழ் அதே பெட்டிகளாக இருந்தது. அக்கா காவலாளியிடம் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஐயா, இதில் எங்கள் மொழி உடைந்திருக்கிறது, பெரியவரிடம் சொல்லுங்கள்" என்றார். காவலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே போனார். பிறகு வெளியே வந்து எங்களையும் உள்ளே வரச் சொன்னார். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். என்ன பதில் வருகிறது என்பதை வரும் இதழில் எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் இப்படியான திரை இருந்தால், அதை யார் தொடுகிறார்கள், யாரைத் தொட விடுவதில்லை என்பதை எனக்கு எழுதுங்கள். கடிதம் எழுத முடியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். இடம் தர ஆசிரியர் குழு ஆயத்தமாக இருக்கிறது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.